ஒரு 'ளி' செய்த வேலை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கங்கள். இங்கே என் முன்பல் உட்பட எல்லோரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் தங்கள் பல்செட்டும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

ஆடிக்கொண்டிருந்த அந்தப் பல்லைப் பிடுங்க, வரும் வெள்ளிக்கிழமைக்குத் தங்கள் டாக்டரிடம் எனக்காக நேரம் வாங்கியிருப்பதாக மாப்பிள்ளை போன மாதமே சொன்னார். "ஒண்ணோட நிறுத்தாதீங்க மாமா, மொத்தத்தையும் எடுத்துட்டா நிம்மதின்னு அப்பா சொல்றார்" என்றும் சொன்னார். அக்கறைக்கு நன்றி. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பல் போனால் 'தாத்தா' என்ற சொல்லே எனக்கு ஒழுங்காக வராது. பேத்திக்கு அதைப் போனில் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் இது தேவையா? ஆகவே வேறு வழி பார்த்துவிட்டேன்.

எங்கள் தெருமுனைப் பல் மருத்துவமனையின் பலகையில் 'ஈறு நோய்க்கு ஒலி சிகிச்சை' என்று எழுதியிருந்தது. ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்திய கண் சும்மா இருக்குமா? ஈறு என்ன, பாட்டா கேட்கப் போகிறது? ஈறுக்கு வெளிச்சம் காட்டி வைத்தியம் பார்ப்பதாகப் பேப்பரில் வேறு படித்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். "டாக்டர் பிஸி சார், நீங்களே சரிபண்ணிடுங்களேன்" என்றாள். ஸ்டூல் போட்டு ஏறி, 'லி'யை 'ளி' ஆக்கிவிட்டுத்தான் உள்ளே போய் வாயைத் திறந்தேன்.

டாக்டரம்மா பொறுமைசாலி. எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, ஒரு சின்னக் கருவியை ஈறுக்கடியில் விட்டார். அதில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். கூடவே ஙொய்யென்று சத்தம். மெஷின் பழசு போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். கொப்பளித்ததும், "இந்த ஒளி உள்ள போய் என்னம்மா பண்ணும்?" என்று கேட்டேன். "ஒளியா? நல்ல கேள்வி சார்" என்று உட்கார்ந்துவிட்டார். "கிருமி வந்ததும் ரத்தத்துல இருக்கற காவல் அணுக்கள் சண்டைக்கு ஓடி வரும். சண்டை நீண்டுகிட்டே போனா ஈறையும் எலும்பையும் அதுங்களே கரைச்சிடும். பல் ஆடுறதுல பாதி நம்ம ஆளுங்க வேலை." சிவப்பு ஒளி பட்டால் அவற்றில் சில, சண்டையை விட்டு மராமத்தில் இறங்குவதாகச் சில ஆய்வுகளில் தெரிகிறதாம். "முழுசா நிரூபணம் ஆகலை சார். சுத்தம் பண்றதுக்கு ஒரு துணை, அவ்வளவுதான்."

அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை, சம்பந்தி. நம் காவல்காரன் நம் சுவரையே இடித்துக்கொண்டிருக்கிறான். அவனை அதட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், விளக்கைக் காட்டினால் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரண்டியும் சாந்துமாக உட்காருகிறானாமே, அணுவுக்குக் கண் ஏது, சிவப்பென்று எப்படித் தெரிந்தது, பச்சையைக் காட்டினால் என்ன செய்வான்? வீட்டுக்காரியிடம் கேட்டேன். "எதைப் பார்த்தாலும் திருத்தக் கிளம்பறீங்களே, உங்களுக்கும் ஒரு விளக்கு காட்டச் சொல்லுங்க" என்றாள். அதன் பிறகு நாற்காலியில் சாயும்போதெல்லாம், "போதும்பா, வேலையப் பாருங்க" என்று மனசுக்குள் அணுக்களிடம் சொல்லிவந்தேன். கேட்டுக்கொண்டார்கள். இப்போது ரத்தம் வருவதில்லை. நாக்கால் தள்ளிப் பார்க்கிறேன், பல் அசையவில்லை. எல்லாம் ஒளியின் மகிமை. தாங்கள்தான் அவசரப்பட்டு அத்தனையையும் எடுத்துவிட்டீர்களோ என்று மனசு சங்கடப்படுகிறது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
சொந்தப் பல்லுடன்,
தங்கள் சம்பந்தி.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் டாக்டரம்மா போன் செய்தார். "பலகையில கை வெச்சது நீங்களா சார்? வர்றவங்க எல்லாம் லைட்டு எங்கன்னு கேக்கறாங்க." எனக்கு இதுவரை செய்தது, ஒலி அதிர்வால் ஈறுக்கடியில் இருந்த அழுக்கை எடுத்ததுதானாம். சிவப்புப் பொட்டு, கருவிக்குக் கரன்ட் வருகிறது என்று காட்டுகிற விளக்காம்; கறுப்புக் கண்ணாடி, கண்ணில் தண்ணீர் தெறிக்காமல் இருக்கவாம். ஒளிக் கருவியே அவர்களிடம் கிடையாதாம். "நீங்க கேட்டீங்க, சொன்னேன்" என்கிறார். ஆகவே, மேலே 'ஒளியின் மகிமை' என்பதை 'ஒலியின் மகிமை' என்று திருத்திப் படிக்கவும். பலகைக்கு நாளை நானே ஸ்டூல் போடுகிறேன். 'பல்' என்று வரும் இடங்களில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். அது உள்ளபடியே இருக்கட்டும்.