செண்பகவல்லி படகில் போன நாள்

டவர் கிடைக்காத ஒரு காட்டில் ஆவுடையப்பன் என்ற கரடி, மனைவி செண்பகவல்லியோடும் பேச்சி, சுடலை என்ற இரட்டைக் குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது. கோடை விடுமுறைக்குப் பட்டணம் பார்க்கப் போவது என்று முடிவாயிற்று. ஆவுடையப்பன் மலையுச்சிப் பாறையில் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, படகுச் சவாரிக்கு ஒரே ஒரு டிக்கெட் எடுத்தான். குட்டிகளை மடியில் வைத்துக்கொள்ளலாம், இலவசம்.

"பைகளை யாராவது பாத்துக்கிடணும்லா?" என்றான்.

அந்த யாராவது யார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

பட்டணத்தில் எங்கே போனாலும் வாசலில் ஒரு பலகை இருந்தது: பைகளுக்கு அனுமதி இல்லை. செண்பகவல்லியிடம் நான்கு பைகள் இருந்தன. அருங்காட்சியகத்தில் அவள் பார்த்தது ஒரு வேப்பமரம். கலங்கரை விளக்கத்தில் பார்த்தது இளநீர்க் கடையின் பின்பக்கம். ஒவ்வொரு தடவையும் மூவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து போனில் படம் காட்டினார்கள்.

"உள்ள ஒண்ணும் பெருசா இல்லளா. நீ பாத்ததா நெனச்சுக்கோ," என்பான் ஆவுடையப்பன்.

அவளும் நினைத்துக்கொண்டாள். பிறகு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு ஏரிக்கரைப் படகுத்துறைக்கு வந்தார்கள். வரிசை மெயின் ரோடு வரைக்கும் நின்றது. ஒரு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து போனால், கவுண்ட்டரில் ஓர் ஆந்தை. பகல் ட்யூட்டி என்பதால் அரைத் தூக்கத்தில் இருந்தது.

"பேரு?"

"ஆவுடையப்பன்."

"அந்தப் பேர்ல டிக்கெட் இல்ல. செண்பகவல்லின்னுதான் இருக்கு."

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தான். பெண்களுக்குச் சலுகை என்று போட்டிருந்ததைப் பார்த்து அவள் பெயரைத் தட்டிவிட்டிருந்தான். யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தான்.

"அது என் சம்சாரந்தான். அவளுக்குப் பதிலா நான் போறேன்."

"பேர் மாத்த ஏழாம் நம்பர் படிவம் வேணும். அது வெள்ளிக்கிழமைதான் குடுப்போம்."

"குட்டிகளையாவது அவ மடியில..."

ஆந்தை ஓர் அளவுகோலை நீட்டியது. பேச்சிக்கும் சுடலைக்கும் இரண்டு விரற்கடை உயரம் குறைந்தது. அந்த அளவுக்குக் கீழே இருந்தால் லைஃப் ஜாக்கெட் கிடையாதாம், படகிலும் ஏற்ற மாட்டார்களாம்.

"அப்போ ரூவாயத் திருப்பிக் குடுங்க."

"அது திரும்பி வராது சார்," என்று சொல்லிவிட்டு ஆந்தை கண்ணை மூடிக்கொண்டது.

வராது என்ற சொல் ஆவுடையப்பனை உலுக்கிவிட்டது. மனைவியின் தோளிலிருந்து நான்கு பைகளையும் அவனே கழற்றினான்.

"வீணாப் போவக்கூடாதுளா. நீயே ஏறி ஒரு சுத்து சுத்திட்டுச் சீக்கிரம் வந்துரு."

தோளில் ஒன்றுமில்லாமல் நடப்பது செண்பகவல்லிக்குப் புதிதாக இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு படகில் ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். அவளைத் தவிர ஒரு நரியும், செல்ஃபியிலேயே மூழ்கியிருந்த புது மணத்தம்பதி மான்களும் இருந்தார்கள். நீர்க்காகம் ஒன்று படகை ஓட்டியது.

நடு ஏரியில் மோட்டார் நாலு தடவை இருமி நின்றுபோனது.

"நான் யாருன்னு தெரியுமா?" என்று எழுந்தது நரி.

"தெரியாதுங்க. படிவத்துல அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு," என்றது நீர்க்காகம். புகார்ப் படிவத்தைப் பூர்த்தி செய்து, பயணி ஒருவர் கையெழுத்துப் போட்டால், அதைத் தானே பறந்து போய் ஆபீசில் கொடுத்துவிடும். உடனே இழுவைப் படகு வரும். "ஆனா எழுதணுமே. யார்கிட்டயாவது பேனா இருக்கா?"

நரி சட்டைப்பையைத் துழாவியது. போனை எடுத்தது. "போன்ல அனுப்பினா ஆவாதா?"

"நீல மையிலதாங்க எழுதணும்."

செண்பகவல்லியின் கை தானாகக் காதுப் பக்கம் போனது. காதுக்குப் பின்னால் அடர்ந்த முடிக்குள் எப்போதும் ஒரு பேனா இருக்கும். நீல மைதான்.

அப்போது கரையிலிருந்து குரல் வந்தது. "ஏளா! துண்டு எந்தப் பையில இருக்கு?"

அடுத்த குரல் சுடலையுடையது. "அம்மா! பேச்சி என்னக் கடிக்கா!"

"ஏளா! சீப்பு எங்க? மாத்திரை எங்க?"

தண்ணீரைத் தாண்டி வந்ததால் எல்லாம் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்டது. காற்று அவள் ரோமத்துக்குள் புகுந்து கழுத்து வரைக்கும் ஏறியது. தூரத்தில் கலங்கரை விளக்கத்தின் உச்சி தெரிந்தது. அதை இப்போதுதான் பார்க்கிறாள். நன்றாகத்தான் இருந்தது.

"அம்மா, உங்ககிட்ட பேனா இருக்கா?" என்று நீர்க்காகம் அவளிடமே கேட்டது.

யார் எதைக் கேட்டாலும் இதுவரை அவள் இல்லை என்றதில்லை. காதைச் சொறிவதுபோல் சொறிந்து கையை இறக்கினாள்.

"இல்லியே," என்றாள்.

வானம் இடிந்து விழவில்லை. மான்கள் இன்னொரு செல்ஃபி எடுத்துக்கொண்டன. நரி முணுமுணுத்தபடி தூங்கிப்போனது. செண்பகவல்லி காலை நீட்டினாள். கரையிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், காதில் விழாதவள்போல் கையை மட்டும் ஆட்டினாள். துறையை மூடும் நேரத்துக்கு இழுவைப் படகு தானாகவே வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

கரையில் நான்கு பைகளும் கவிழ்ந்து கிடந்தன. ஆவுடையப்பன் தலையில் புளியோதரை இருந்தது. எப்படி அங்கே போனது என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

"ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டான்.

"ஆமா," என்றாள். குரலைக் கொஞ்சம் நடுங்கவும் வைத்துக்கொண்டாள்.

"பாவம். இனிமே படகுப் பக்கமே வரக்கூடாது."

"அதெப்படிங்க? பாதியிலல்லா நின்னுபோச்சு. ஏரிய முழுசாச் சுத்தலியே. குடுத்த காசுக்கு இன்னும் பாதி ஏரி பாக்கி இருக்கே."

ஆவுடையப்பன் யோசித்தான். அவனுக்கு அது நியாயமாகப்பட்டது.

"சரிதான். அடுத்த மாசமும் ஒம் பேருலயே போட்டுருதேன்."

நீதி: குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகும்போது தேவையான எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.