அண்ணியும் ஒரு நாசகாரிக் கப்பலும்

இங்கிலீசு தெரிந்தால் மொழிபெயர்க்கவும் வரும் என்று நம்புகிறவனுக்கு இங்கிலீசும் அரைகுறை, தமிழும் அரைகுறை. நான் அப்படி நம்பியவன்.

அறுபதுகளில் மாத்தளையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தபடி, கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரைகளைத் தமிழாக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். (சம்பளம் கிடையாது. பெயர் போடுவார்கள், அதுவும் எழுத்துப்பிழையோடு.) ஒரு வாரம் வந்த கட்டுரை, வெள்ளைக்காரனிடம் வாங்கிய பழைய ‘டெஸ்ட்ராயர்’களை, அதாவது நாசகாரிக் கப்பல்களை, ஒரு நாடு புதுப்பித்து எப்படி இன்னும் சில வருஷம் ஓட்டுகிறது என்பது பற்றி. இங்கிலீசில் கப்பல் பெண்பால். நானும் விசுவாசமாக எல்லா இடத்திலும் ‘அவள்’ என்றே எழுதினேன்.

அதே வாரம் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் பலாபத்வல போனோம். அண்ணன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், இதுவும் போனால் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பெண்ணின் பெயர் ருக்மணி. இந்தியாவில் மாமா வீட்டில் வளர்ந்தவர். அங்கே நிச்சயமான கல்யாணம் நின்றுபோனதால், முப்பது வயதில் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார்.

பார்த்ததுமே அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. பெரியவர்கள் உள்ளே பேச, நாங்கள் இருவரும் வீட்டின் பக்கவாட்டில் போய் நின்றோம்.

“படபடன்னு இருக்குடா. ஏதாச்சும் பேசேன்” என்றார் அண்ணன்.

எனக்கு அப்போது பேச இருந்தது ஒன்றே ஒன்று. என் கட்டுரையை ஒப்பித்தேன்.

“அவள் வெளிநாட்டிலிருந்து வந்தவள். வயதாகிவிட்டது. மேற்பூச்சு பளபளத்தாலும் உள்ளே துரு. சில பாகங்களை மாற்றினால் இன்னும் பத்து வருஷம் உழைப்பாள்.”

“இவ்வளவு பாடு எதுக்குடா? புதுசா ஒண்ணு எடுத்தா என்ன?”

“புதுசுக்கு வசதி வேணுமேண்ணே. இல்லாதவங்களுக்குப் பழசுதான் கட்டுப்படியாகும்.”

எங்கள் தலைக்கு மேலே இருந்தது குசினி ஜன்னல். உள்ளே தேத்தண்ணிக் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. ருக்மணி வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“துரு எங்க இருக்குன்னு கண்டீங்க, தம்பி?”

“ஐயோ, உங்களைச் சொல்லலீங்க! நாசகாரியைச் சொன்னேன்!”

பின்னாலேயே அவருடைய அம்மா வந்தார். “யாரைடா நாசகாரிங்கிற? எம் மகளையா?”

தேத்தண்ணி குடிக்காமலே கிளம்பினோம். பஸ்ஸில் அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று வெட்கத்தில் குறுகிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வெளிவந்தது. அதைக் காட்டியாவது உண்மையைச் சொல்லலாம் என்று ஆசையோடு பிரித்தேன். ஆசிரியர் விவரமானவர், எல்லா ‘அவளை’யும் ‘அது’ என்று திருத்தியிருந்தார். ‘நாசகாரி’யும் வெறும் ‘போர்க்கப்பல்’ ஆகியிருந்தது. இருந்த ஒரே சாட்சியும் போயிற்று!

அண்ணன் அதையே எடுத்துக்கொண்டு தனியாகப் பலாபத்வல போனார். திரும்பி வந்து, “எழுதினவரு வந்து, அன்னைக்குச் சொன்ன மாதிரியே படிக்கட்டும்னு அந்தப் பொண்ணு சொல்லுது” என்றார்.

போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னாலும் நின்று, ‘அது’ வந்த இடமெல்லாம் ‘அவள்’ போட்டுப் படித்தேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. “அவளுடைய பீரங்கிகளும் மாற்றப்பட்டன” என்றபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ருக்மணிதான். அடுத்த மாதம் அவர் எனக்கு அண்ணியானார்.

அதோடு விட்டாரா? வீட்டில் சட்டி ஓட்டையானாலும், அண்ணனுக்குப் பல் விழுந்தாலும், “தம்பியக் கேளுங்க, இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும்னு சொல்லுவாரு” என்பார். பேரப்பிள்ளைகள் என்னைக் ‘கப்பல் தாத்தா’ என்றே கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் அண்ணிக்கு முழங்காலில் ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, பாகம் மாத்தப் போறாங்களாம். நாசகாரி இன்னும் பத்து வருஷம் உழைப்பாளான்னு டாக்டர்கிட்ட கேட்டு வைங்க.”

நர்ஸ் என்னை முறைத்தார். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு நான் விளக்கம் சொன்ன லட்சணம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.