ஸ்டொப்பர் போடாத அம்ப்

பெயர் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு பொருளைத் தூக்கி வீசுகிறவன் கட்டாயம் கம்பஸில் படித்தவனாகத்தான் இருப்பான். நான் பௌதிகவியல் படித்தவன். நான் வீசியது அரிசியைவிடச் சற்றே பெரிய ஒரு ரெசிஸ்டர். அது என்னைத் திருப்பி வீசிய இடம் கலகெதரயில் ஒரு ஹார்ட்வெயார் கடை. இந்தக் கடையின் மேசைக்குப் பின்னால் இருந்துதான் இதை டைப் செய்கிறேன். நடுவில் யாராவது ஆணி கேட்டு வந்தால் வசனம் உடையும், கண்டுகொள்ளாதீர்கள்.

பட்டம் வாங்கியபின் எனக்கு ஒரு மியூசிக் பேண்ட் இருந்தது, வேலை இல்லை. நான் கிட்டார். கெலிஓயாவில் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஃபாசில் பாட்டு, அவன் தம்பி டிரம்ஸ். யூடியூப்பில் ஒரு தாடிக்காரர் சொன்னார், வால்வ் அம்ப்ளிஃபயரில், அதாவது வால்வ் அம்பில், வாசித்தால்தான் கிட்டார் கிட்டாராம். கண்ணாடிக் குழாய் சூடாகி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டுமாம். அதுவரை நான் வாசித்ததெல்லாம் தகர டப்பா என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. கடையில் வாங்க வழியில்லை. ஆகவே நானே செய்வேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். (சொன்னதுதான் முதல் வேலை. செய்தது பிறகு.)

வால்வுகள் மாமாவிடம் இருந்தன. மாமா என்றால் அம்மாவின் அண்ணன், இந்தக் கடையின் முதலாளி. அவரிடம் மர வால்வ் ரேடியோ ஒன்று செத்துக் கிடந்தது. அது உயிரோடு இருந்த காலத்தில் அவர் அதில் கேட்டது ஒன்றே ஒன்று, மரண அறிவித்தல். எந்தச் சாவுக்குப் போக வேண்டும் என்று தெரியாதவன் கடை நடத்தக் கூடாது என்பது அவர் கொள்கை.

"மருமவனே, இத மட்டும் பேச வச்சுக் குடுத்துரு. நீதான் கம்பஸ்ல கரண்ட பத்தி படிச்சியே" என்றார்.

"ஒரு கிழமைல பேசும் மாமா" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அதன் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவி, அதே பெட்டிக்குள் என் அம்பைக் கட்டத் தொடங்கினேன்.

முதல் முறை சுவிட்ச் போட்டபோது ஒரு கெப்பாசிட்டர் வெடித்தது. அப்பாவின் தலையில் வெள்ளிக் காகிதம் தூவியது, கல்யாண மாப்பிள்ளைக்குத் தூவுவதுபோல. இரண்டாம் முறை முழு வீட்டுக்கும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது: "அந்தச் சனியனத் தூக்கி வெளிய போடு! அவ இப்பதான்டா புருசன்கிட்ட உண்மையச் சொல்ல வந்தா!" (சீரியலில்.) வால்வ் வேலை செய்கிறவர்கள் ஒரு கையைப் பொக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மற்றக் கையால்தான் தொடுவார்களாம், கரண்ட் நெஞ்சைக் குறுக்கே கடக்காமல் இருக்க. நான் மற்றக் கையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்திருந்தேன். அடித்த அடியில் நான் அலுமாரியில், கோப்பை கூரையில்.

எப்படியோ ஒருநாள் அது உறுமாமல் பாடியது. ஃபாசில் போனில் அந்தத் தாடிக்காரரின் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், முதல் வால்வுக்கு முன்னுக்கு கிரிட் ஸ்டொப்பர்னு ஒரு ரெசிஸ்டர் ஈக்கணுமாம். நீ கழட்டிப் போட்டிக்கியே?"

"ஸ்டொப்பர்னா என்னடா? நிப்பாட்டுறது. எதுக்குடா என்னோட சவுண்ட நிப்பாட்டணும்?"

"தேவல்லாததத்தான் நிப்பாட்டுமாம்டா. வாசிச்சுப் பாரேன்."

"பௌதிகவியல் படிச்சது நீயா நானா?"

அவன் போனைப் பொக்கெட்டில் போட்டான். இன்னொரு விஷயமும் இருந்தது. வொலியூம் குமிழைத் தலைகீழாக சோல்டர் பண்ணியிருந்தேன். வலது பக்கம் திருகினால் குறையும், இடது பக்கம் திருகினால் கூடும். மாற்றப் பஞ்சி, சோம்பல்தான். என் மூளைக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்வது ஒரு வேலையா?

அந்த நேரம் மாமா மகளுக்குக் கல்யாணம் வந்தது. (முறைப்பெண் என்று யாரும் கண் சிமிட்ட வேண்டாம். அவளுக்கு என்னைப் பிடிக்காது, எனக்கு வேலை இல்லை.) வரவேற்புக்கு நாங்கள் வாசிக்கிறோம் என்று நானே போய்ச் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"சரி, வாசி. சனம் ரசிச்சா இனி ஒன் கிட்டார பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். சொதப்புனியோ, திங்கக்கிழமையே மாமா கடைக்குப் போற. ஆணி நிறுக்குற. சரியா?"

"சரி" என்றேன். அவ்வளவு திமிர்.

வரவேற்பு ஹந்தானைச் சரிவில் ஒரு மண்டபத்தில், மத்தியானச் சாப்பாட்டோடு. மண்டபத்துக்கு மேலே மலையில் ரேடியோக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. அழகாக இருக்கிறதே என்று அவற்றோடு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். (அந்தப் படம் இன்னும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது.) மாப்பிள்ளை வீடு மடுல்கெல்லையில். அவர்கள் பக்கத்தில் பெரிய தலை மாப்பிள்ளையின் பெரியப்பா, பெயர் பெருமாள். முதல் வரிசையில் வேட்டியும் கோட்டுமாகக் கதிரையை நிறைத்து உட்கார்ந்திருந்தார்.

ஃபாசில் வணக்கம் சொன்னான். நான் நீளமான வயரைக் கிட்டாரில் செருகி, கையைத் தூக்கி, முதல் கம்பியைத் தட்டினேன். கிட்டார் வரவில்லை. கரகரப்பு வந்தது. கரகரப்புக்குள்ளிருந்து, சுத்தமான தமிழில், மெதுவாக, சோகமாக ஒரு பெண் பேசினாள்.

"மரண அறிவித்தல். மடுல்கெல்லையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட..."

எஃப்.எம். இப்படியெல்லாம் அம்புக்குள் வராது என்று விளக்கம் அனுப்பக் காத்திருக்கும் அன்பர்களே, வந்தது. கோபுரத்தின் காலடியில் நின்றுகொண்டு, அத்தனை நீள வயரை ஏரியலாக நீட்டி, வாசலில் காவலுக்கு நிற்க வேண்டிய ஸ்டொப்பரையும் துரத்திவிட்டால் எல்லாம் வரும்.

பதறி வொலியூமைக் குறைத்தேன். எல்லாரையும்போல இடது பக்கம் திருகினேன். மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"...பெருமாள் அவர்கள் காலமானார்!"

பிரியாணிக் கரண்டிகள் நின்றன. மடுல்கெல்லையில் பெருமாள் என்று கூப்பிட்டால் ஒரு தெருவே திரும்பிப் பார்க்கும் என்பதை அந்தக் கணத்தில் யாரும் யோசிக்கவில்லை. கைகழுவப் போயிருந்த அவர் மனைவி, பெரியம்மா, குழாயடியிலிருந்தே "ஐயோ என் ராசா!" என்று ஓடி வந்தார். பின்வரிசைப் பெண்கள் காரணம் கேட்காமல் சேர்ந்துகொண்டார்கள். பெருமாள் பெரியப்பா எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"ஏய்! நான் இங்கனதான்டி இருக்கேன்! வாயில கோழி இருக்கு, பாரு!"

"அன்னார் காலஞ்சென்ற முத்தையாவின் அன்புப் புதல்வரும்" என்று அம்ப் தொடர்ந்தது.

"எங்கப்பா பேரும் முத்தையாதான்" என்றார் பெரியப்பா. அப்போதுதான் அவர் முகத்திலும் லேசாகச் சந்தேகம் வந்தது.

"ஓஃப் பண்ணுடா ஹராங்குட்டி!" என்று ஃபாசில் மைக்கிலேயே கத்தினான். சுவிட்சை அணைத்தேன். இங்கேதான் வால்வின் மகிமை. அணைத்த பிறகும் சூடு ஆறும்வரை அது பேசும். "பூதவுடல்... தகனக் கிரியைக்காக..." என்று அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் ஒரு மூச்சுப்போல அடங்கியது. செத்துப்போனது யார் என்று கேட்டால் நான் அந்தப் பெட்டியைத்தான் காட்டியிருப்பேன்.

நல்லவேளை, தாலி காலையிலேயே கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியிலிருந்து எழுந்து போகாமல் மாமா கைகூப்பித் தடுத்தார். பெரியப்பாவுக்கு அதற்குள் போன் வரத் தொடங்கிவிட்டது. அவரே எடுத்து, "ஆமா, நானும் இப்பதான் கேள்விப்பட்டேன்" என்றார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. மேடைக்குக் கீழே வந்து நின்று, "திங்கக்கிழமை" என்றார். அவ்வளவுதான். ஃபாசில் அடுத்த கல்யாணத்துக்கு ஒரு கீபோர்ட்காரனைக் கூட்டிக்கொண்டு போனான். "நீ வந்தா ஆக்கள் பாட்டக் கேக்க மாட்டாங்க மச்சான், சாவைத்தான் கேப்பாங்க" என்றான். நியாயம்தான். அதனால்தான் இன்னும் அவனோடு பேசவில்லை.

அம்பும் என்னோடு கடைக்கு வந்தது. மாமா அதை அலுமாரிக்கு மேல் ஏற்றி, கிட்டார் செருகும் துளையில் ஒரு கம்பியைச் செருகி, கூரைத் தகரத்தில் கட்டினார். மணிபோலப் பேசுகிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்: "மருமவன்கிட்ட ரேடியோவச் செய்யக் குடுத்தேன். செஞ்சிட்டான். என்ன, கொஞ்சம் சுத்தி வந்துச்சு." வேண்டிய ரெசிஸ்டர் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது. அதை வைத்து சோல்டர் பண்ணினால் பெட்டி வாயை மூடும், கிட்டார் பாடும். ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "அதுல கைய வச்ச, கைய ஒடிப்பேன். எனக்குச் சாவு தெரியணும்" என்றார் மாமா. கிட்டார் உறைக்குள் இருக்கிறது. உறைமேல் பெயின்ட் வாளிகள்.

பெருமாள் பெரியப்பா சம்பந்தி வீட்டுக்கு வரும்போதெல்லாம் கடையில் இறங்குவார். படியில் நின்று, கடை நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்து, அலுமாரிக்கு மேலே மரண அறிவித்தல் வாசிக்கும் பெட்டியைக் காட்டி, சத்தமாகக் கேட்பார்: "என்னப்பா, இன்னைக்கு நான் இருக்கேனா?"

எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். ஆணியை நிறுத்துக்கொண்டே நான் சொல்ல வேண்டும்.

"இன்னைக்கு நீங்க இல்ல பெரியப்பா."