பூச்சி தொடாத தரை

ஒரு காட்டில் மரம் வெட்டத் தடை இருந்தது. ஆகவே வீட்டுக்கு மரத்தரை போட ஆசைப்பட்ட மிருகங்கள், டவுனிலிருந்து லாரியில் வரும் பலகைக்காகக் காத்துக் கிடந்தன. வந்த பலகையை நரி தன் கடையில் அடுக்கி, சுற்றி நின்ற மரங்களின் நிழலிலேயே உட்கார்ந்து விற்றது.

அந்தக் காட்டில் மாசிலாமணி என்று ஒரு கீரி, பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க். மனைவி செண்பகவல்லி, ஒரே மகள் கோமு. கோமுவுக்கு மேட்டுக்காட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஆவுடையப்பன் ஆள் அனுப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"வீட்டுல தரை என்ன?"

பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆவுடையப்பன் வீட்டிலும் போன வருடம் வரை மண்தரைதான். மரத்தரை போட்ட மறுநாளிலிருந்து அதற்கு மண் என்றாலே அலர்ஜி.

மாசிலாமணி நரியின் கடைக்குப் போனது. பங்காளி பிச்சையாவும் கூட வந்தது; அதற்கும் கல்யாண வயதில் ஒரு மகள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வளை. தேக்கு விலையைக் கேட்டதும் மாசிலாமணியின் வால் சிலிர்த்து நின்றது.

"பட்ஜெட்டுக்கு வேற ஒண்ணு இருக்கு அண்ணாச்சி" என்றது நரி. "பார்த்தா அப்படியே தேக்கு."

"தொட்டுப் பார்த்தா?"

"தரையைத் தொட்டுப் பார்க்கிறவன் சம்பந்தம் பேச வரமாட்டான். இருபது வருஷம் கேரண்டி."

கீரிகள் பத்து வருடம் உயிரோடு இருந்தாலே அதிகம். பிச்சையா அதை யோசிக்கவில்லை. பளபளப்பைப் பார்த்ததும் மயங்கி, அங்கேயே வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மாசிலாமணி அப்படிப்பட்ட கீரி இல்லை. நாலு பேரை விசாரிக்காமல் சீப்புகூட வாங்காது. மரத்தைப் பற்றி மரங்கொத்தியை விடத் தெரிந்தவர் யார்? போய் அழைத்தது. ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி உடனே கடைக்குப் புறப்பட்டு வந்தது.

"இது மரமே இல்லை சார்" என்றது, இரண்டு கொத்து கொத்திவிட்டு. "மரத்தூளைப் பசை போட்டு அமுக்கி, மேல தேக்குப் படம் ஒட்டியிருக்கான். வெட்டின முனையைப் பாருங்க, ரேகை அங்க வரைக்கும் வரலை."

பிறகு கடையின் பின்பக்கம் போய், மூலையில் கிடந்த மாம்பலகைகளைக் காட்டியது. "முடிச்சு இருக்கும், நிறம் ஒண்ணுக்கொண்ணு சேராது. அதனாலதான் விலை பாதி. ஆனா உள்ள வரைக்கும் மரம். நல்லா காய்ஞ்சது."

"பூச்சி மருந்து அடிக்கணுமா?" என்று கேட்டது கூட வந்திருந்த செண்பகவல்லி.

"மருந்தா! நல்ல மரத்தை அவமானப்படுத்தாதீங்கம்மா."

மாம்பலகையை வாங்கிய மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. கோமுதான் சுவரோரம் இடைவெளி விட்டு, ஒவ்வொரு பலகையாக இழைத்துப் பொருத்தியது. மாசிலாமணி பக்கத்து வளைக்குப் போய், "மரம்னா உள்ளேயும் மரமா இருக்கணும் பிச்சையா" என்று மாலை முழுக்கப் பாடம் நடத்தியது.

மழைக்காலம் வந்தது. பூச்சிகளும் வந்தன. முதலில் பிச்சையா வீட்டில்தான் நுழைந்தன. ஒரு கடி கடித்துவிட்டு, "தூ, பசை" என்று துப்பிவிட்டு அடுத்த வீட்டுக்கு வந்தன. அங்கே பந்தியே போட்டிருந்தது.

அதற்குப் பிறகு மரங்கொத்தி தினமும் காலையில் வந்து தரையைப் பார்வையிட்டது. "எவ்வளவு அக்கறை!" என்று வியந்த செண்பகவல்லி காபி கொடுத்தது. மரங்கொத்தி வேண்டாம் என்றது. அதற்கு வயிறு நிறைந்திருந்தது.

ஆவுடையப்பன் குடும்பத்தோடு வந்து நின்ற நேரத்தில், நடுக்கூடத்தில் மரங்கொத்தி ஒரு கொழுத்த புழுவை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

"யார் இது?"

"எங்க ஆலோசகர்" என்றது மாசிலாமணி. மரங்கொத்தியிடம் திரும்பி, "நீங்கதானே நல்ல மரம்னு சொன்னீங்க?" என்றது.

"நல்ல மரம்தான் சார்" என்றது மரங்கொத்தி, புழுவை விழுங்கிவிட்டு. "இல்லைன்னா இவ்வளவு ருசி வருமா?"

ஆவுடையப்பன் ஒரு அடி எடுத்து வைத்தது. பலகை பொடிந்து கால் உள்ளே போனது. காலை உருவிக்கொண்டு, நேராகப் பக்கத்துப் பிச்சையா வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே தரை கண்ணாடி போல மின்னியது.

"தேக்கா?"

"தேக்கு" என்றது பிச்சையா. மனதார நம்பித்தான் சொன்னது. அன்று மதியமே அதன் மகளைப் பேசி முடித்தாயிற்று.

செண்பகவல்லி அழுதது. கோமு அழவில்லை. "தரையைப் பார்த்துப் பொண்ணு எடுக்கிற வீட்டுல நான் யாருப்பா, விரிக்கிற பாயா?" என்றது.

பழைய காலத்துக் கதையாக இருந்தால் மாசிலாமணிக்கு இங்கே புத்தி வந்திருக்கும். மாசிலாமணி நரியின் கடைக்கு ஓடியது. அங்கே பிச்சையா வாங்கிய அதே பலகைக்கு 'பூச்சி தொடாத தேக்கு' என்று புதுப் போர்டு தொங்கியது. விலை இரண்டு மடங்கு. மறுபேச்சில்லாமல் கடன் வாங்கிப் பணத்தைக் கொடுத்தது.

கோமு வாய்க்கால் கரைக்குப் போய் ஈரமண்ணில் தனக்கென்று ஒரு வளை தோண்டிக்கொண்டது. அதை ஊரில் யாரும் ஒரு வீடாகவே கணக்கில் எடுப்பதில்லை. மாசிலாமணி இப்போது ஆபீசில், தரை போடப் போகிறேன் என்று வருகிற எல்லோரையும் உட்காரவைத்து அனுபவத்தைச் சொல்கிறது. அவையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கின்றன.

நீதி: மரத்தரை வாங்கும்போது, அதில் மரம் எதுவும் கலக்கவில்லை என்பதை நன்றாக உறுதி செய்துகொள்ளவும்.