மாமனாரை ஏற்றிய மோட்டார் படகு

எனக்கு நீச்சல் தெரியாது. இதை இப்போது கூச்சமில்லாமல் எழுதுகிறேன். இருபத்தைந்து வயதில், ஒரு மோட்டார் படகுக்குச் சொந்தக்காரனாக இருந்தபோது, யாரிடமும் மூச்சுவிடவில்லை. நீந்தாமல் தண்ணீரைக் கடக்கத்தானே படகு? அதுதான் என் அன்றைய அறிவு.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர் கடைத்தெருவில் ஆயில் இன்ஜின் பழுது பார்க்கும் கொட்டகை வைத்திருந்தேன். கடலோரக் கால்வாயில் உப்பு ஏற்றி ஓய்ந்துபோன சின்ன மரப்படகு ஒன்றை லாரியில் கொண்டுவந்து, நடுவில் கிணற்று இன்ஜினை போல்ட் போட்டு இறக்கி, பின்னால் லேத்தில் செய்த இரும்பு விசிறியை மாட்டினேன். (கியர் கிடையாது, பிரேக்கும் கிடையாது. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.)

அந்த வருஷம் எனக்குத் தலை தீபாவளி. மாமனார் வீடு ஆற்றங்கரை ஊரான மாகறல். செய்யாறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஆற்றிலிருந்து எங்கள் உத்திரமேரூர் ஏரிக்கு வரும் கால்வாயும் நிறைந்து ஓடியது. தீபாவளி முடிந்து மனைவி சரோஜாவையும் மாமனாரையும் ஊருக்கு அழைத்துவர வேண்டும். பஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நான் முன்கூட்டியே படகை டிராக்டரில் ஏற்றி வந்து கால்வாயில் இறக்கி வைத்திருந்தேன்.

மாமனார் பட்டு நெய்பவர், மெதுவாகப் பேசுபவர். மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற கொள்கையை உயிராக மதித்தவர். படகைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் கீது மாப்ளே" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டு ஏறினார்.

முதல் ஒரு மணி நேரம் நான் ராஜா. வரப்பில் நின்றவர்களெல்லாம் வாய் பிளந்து பார்த்தார்கள். ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் மதகின் இரும்பு ஷட்டர் வந்தது. ஓடும் இன்ஜினை அணைத்துப் படகைக் கரையில் இடித்து நிறுத்தினேன். (வேறு வழியில் அது நிற்காது.) ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர், குடையோடு ஓடி வந்தார்.

"யோவ், இன்னாய்யா இது? முக்கால்வாசிதான் தொறந்துகீது. அடியில பூந்து போவ முடியாது."

"முழுசா ஏத்துங்க. இன்ஜினியரு சொல்லிட்டாரு" என்றேன். எந்த இன்ஜினியரையும் நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவர் நம்பவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவரின் சாந்தமான முகத்தைப் பார்த்து, முனகிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினார். "அது செரி, இதுக்கு பிரேக்கு எங்க கீது?" என்று அவர் கேட்பதற்குள் வெள்ளம் எங்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

"தலைய குனிங்க!" என்று சரோஜா கத்தினாள். மூவரும் குனிந்தோம். இன்ஜினின் புகைக்குழாய் குனியவில்லை. அது ஷட்டரில் மோதி அடியோடு பிய்ந்தது. படகின் பக்கப் பலகை மதகுச் சுவரில் உரசிக் கிறீச்சிட்டது. மறுபக்கம் வந்து விழுந்தபோது நாங்கள் ஏரியில் இருந்தோம்.

அங்கேயே கரை ஒதுங்கியிருக்கலாம். ஆனால் ஏரி நிறைந்து, உபரித் தண்ணீரை வெளியேற்றும் கலங்கல் சுவரைத் தாண்டித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவும் மீன் பிடிக்கவும் அங்கே பாதி ஊர் கூடியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் முன்னால் ஒரு சுற்று வராவிட்டால் மோட்டார் படகு வைத்திருந்து என்ன பயன்? ஹேண்டிலைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பினேன். குழாய் போனதால் புகை மொத்தமும் மாமனார் முகத்தில் அடித்தது. அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கலங்கல் நெருங்கியபோது விசிறியில் ஆகாயத்தாமரைக் கொடி சுற்றிக்கொண்டது. இன்ஜின் இரண்டு முறை விக்கி நின்றது. திடீரென்று வந்த அமைதியில் கலங்கலின் இரைச்சல் மட்டும் கேட்டது. படகு தானாக, மெதுவாக, அந்தப் பக்கம் திரும்பியது. அதற்கப்பால் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம், கீழே கருங்கல்.

கரையில் கை தட்டிய கூட்டம் சட்டென்று அடங்கியது. நான் ஹேண்டிலைச் சுற்றினேன், சுற்றினேன், கை வழுக்கி முழங்காலில் அடி வாங்கினேன். என் பின்னால் மரியாதையான ஒரு கனைப்பு.

"மாப்ளே, தப்பா நெனச்சிக்காதீங்க. நாம மூழ்கறமா?"

திரும்பிப் பார்த்தேன். உரசிய பலகை விட்டுப்போய், தண்ணீர் அவர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. தீபாவளி இனிப்பு வைத்திருந்த தூக்கு மிதந்துகொண்டிருந்தது.

"இல்ல மாமா," என்றேன் நான், ஒரு மெக்கானிக்கின் தொழில் கௌரவத்தோடு. "கொஞ்சம் தண்ணி வந்துகீது, அவ்ளோதான்."

"நைனா, கெட்டியா புட்ச்சிக்கினு உக்காரு!" சரோஜா அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். புடவையை இழுத்துச் செருகி, படகின் கயிற்றுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் குதித்துவிட்டாள். கல்யாணமாகி ஐந்து மாதம், அவளுக்கு நீந்தத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. தண்ணீரில் பாதி மூழ்கி நின்ற கருவேல மரம் ஒன்றை நோக்கி, வெள்ளத்துக்குக் குறுக்கே போனாள். ஒரு முறை தலை மறைந்தது. நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு முள்ளுக்குள்ளிருந்து ஒரு கை வந்து கயிற்றை மரத்தில் சுற்றியது. கயிறு விறைத்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கலங்கலுக்கும் எங்களுக்கும் ஒரு மாட்டுவண்டி நீளம் இருந்திருக்கும்.

மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வலைக்கயிறு வீசி, முதலில் சரோஜாவை, பிறகு எங்கள் இருவரையும் கரையேற்றினார்கள். அவள் கையெல்லாம் முள் கீறிய ரத்தம். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு நீச்சலு தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றதும் கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். கலங்கலுக்குப் பயந்ததைவிட அந்த அழுகைக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

பல வருஷம் கழித்து எங்கள் மகள் கல்யாணம். பந்தி நடுவில் சாம்பார் தீர்ந்துவிட்டது. சமையல்காரரைக் காணோம். சம்பந்தி வீட்டார் காலி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வியர்த்து நின்றபோது தோளில் ஒரு கை விழுந்தது. எண்பது வயது மாமனார் என் காதோரம் குனிந்தார்.

"மாப்ளே, தப்பா நெனச்சிக்காதீங்க..."

அவர் முடிக்கும் முன்பே பின்னாலிருந்து சரோஜா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.