உயிருள்ள பிராணி: காற்று போக வழிவிடவும்

மதிப்புமிக்க அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். அங்கே நீங்கள், அக்கா, பிள்ளைகள், அம்மா எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அம்மாவின் கண்ணை மட்டும் தவிர்த்து.

போன வாரம் போனில், "பெத்தவளுக்குக் கண் ஆபரேஷன். பக்கத்துல நிக்க ஒரு லீவு கேக்க உனக்கு வாய் இல்லையாடா?" என்று கேட்டுவிட்டு, நான் அந்த வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். திறந்திருந்தாலும் அது போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. நடுவில் ஒரு கிளி வருகிறது. அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லீவு கிடைத்துவிட்டது. சனிக்கிழமை ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமையே வந்துவிடுவேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வர வேண்டாம். என்னால் உங்களுக்குத் துரும்பளவு சிரமமும் இருக்காது.

எங்கள் கம்பெனியில் மின்விசிறி செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பெட்டியில் அடைத்து ஒட்டுகிற ஷெட்டில் எனக்கு வேலை. தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. விடிந்தால் அடைந்தால் விசிறியைத்தான் தொடுகிறோம், ஒன்றுகூட எங்கள் தலைக்கு மேல் சுற்றியதில்லை. கேட்டால், "காத்தடிச்சா அட்டைப்பெட்டி பறக்கும்" என்பார் முதலாளி. லீவு கேட்டால், "அப்புறம் சொல்றேன்" என்பார். அம்மாவுக்கு நாள் குறித்ததிலிருந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவருடைய அப்புறம் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் சாம்பல் கிளி வளர்க்கும் ஆசை வந்தது. அது மனிதர் மாதிரியே பேசுமாம். மனிதர் மாதிரிப் பேச எதற்கு ஒரு கிளி, இத்தனை பேர் நாங்கள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் பேசினால் எதையாவது கேட்டுவிடுவோம் அல்லவா? விமானத்தில்தான் வந்து சேர முடிகிற தூரத்தில், வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் கிளி வளர்க்கிற ஓர் அம்மா இருந்தார். அவரோடு பேசிப் பறவையைக் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பை முதலாளி என் தலையில் கட்டினார். நான் நாலு வார்த்தை மரியாதையாகப் பேசுவேனாம். முதலாளியிடம் பேசிப் பேசிப் பழகியதுதான்.

அந்தம்மா போனில் என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். கூண்டை எங்கே வைப்பீர்கள், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா, இரைந்து சண்டை போடுவீர்களா! "பொண்ணு குடுக்கிறவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்கம்மா" என்றேன். "பொண்ணு பிடிக்கலைன்னா திரும்பி வந்துடும் தம்பி. கிளிக்கு வழி தெரியாது" என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். புது வீட்டுக் குரல் பறவைக்குப் பழக வேண்டும், அதனால் சொந்தக்காரர் தினமும் பேசிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும், அந்தம்மா அதைக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒலிக்க விடுவார். முதலாளியிடம் சொன்னேன். "கிளிக்கு என்ன தெரியும்? நீயே பேசி அனுப்பு" என்று காரில் ஏறிவிட்டார்.

விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் அடுத்த கூத்து. கம்பெனிப் பேர் போட்ட பெட்டியில்தான் கிளி வர வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்ததால், விசிறிப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். கவுன்டர்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல விசிறி போகும். உசிர் போகாது" என்றார். பறவை இறக்கையைத் திருப்ப இடம் வேண்டும். எல்லாப் பக்கமும் காற்று வர வேண்டும். சிந்தாத தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். பயணத்தைத் தாங்கும் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். எல்லாம் இருந்தாலும், வெயில் அளவுக்கு மேல் போனால் ஏற்றவே மாட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அத்தான். இந்த ஊருக்கு நான் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி வந்தேன், என்னைத் தாங்குமா என்று எந்த மருத்துவர் எழுதித் தந்தார்? "மனுஷனுக்கு இந்த மாதிரி விதி இல்லையா சார்?" என்று கேட்டேன். "இருக்கும்பா. அது இந்தக் கவுன்டர் இல்ல" என்றார். பெட்டியில் ஒட்ட 'உயிருள்ள பிராணி: காற்று போக வழிவிடவும்' என்று அச்சடித்த ஸ்டிக்கர் இரண்டு கொடுத்தார். ஒன்றை அந்தம்மாவுக்கு அனுப்பினேன். மற்றதை எங்கள் ஷெட் கதவில் ஒட்டினேன்.

கோடை முழுக்க வெயில் இறங்கவில்லை. பயணம் தள்ளித் தள்ளிப் போனது, நான் பேசிப் பேசி அனுப்பினேன். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, "செல்லமே, சாப்பிட்டியா?" என்று போனில் கொஞ்சுவேன். கூட வேலை செய்கிற நெட்டை எட்டிப் பார்த்து, "யாருடா அவ? பதிலே பேச மாட்டேங்குறா, அவ்வளவு நல்லவளா?" என்பான். கொஞ்சுகிற வார்த்தையெல்லாம் தீர்ந்துபோயிற்று. எனக்கோ அம்மா நினைப்பு. அடுத்த முறை முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்று அந்தப் பதிவுகளிலேயே ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். குழைந்து ஒரு நாள், விறைப்பாக ஒரு நாள், அழாத குறையாக ஒரு நாள். அந்தம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, கடைசியா ஒண்ணு கேக்குறீங்களே, அது வந்தாத்தான் தலையைச் சாய்ச்சுக் கேக்குது. அதை மட்டும் விட்டுடாதீங்க."

ஒருவழியாக மழை பெய்து, கிளி கிளம்பியது. வாங்கிக்கொள்ள முதலாளியே வாசனை கமகமக்க வந்தார். கவுன்டர்காரர் காகிதத்தைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். யார் குரலோ அவர்தான் சொந்தக்காரர் என்று அந்தம்மா என் பெயரையே எழுதி அனுப்பியிருந்தார். "நீங்க யாரு சார்?" என்று முதலாளியைக் கேட்டார்கள். அவருடைய ஆயுளில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி. கொஞ்சம் திணறி, "நான்... இவர்கூட வந்தவன்" என்றார். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது. பெட்டியின் துணியை விலக்கினேன். கிளி தலையைச் சாய்த்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு என் குரலில், என் குழைவோடு, "ஐயா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். லீவு வேணும்" என்றது.

முதலாளி பழக்கதோஷத்தில், "அப்புறம் சொல்றேன்" என்றார். சொன்ன பிறகுதான் என் வாய் மூடியிருப்பதைப் பார்த்தார். கிளி விடவில்லை. "ஐயா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்." என்னை அப்புறம் என்று அனுப்பினால் போய்விடுவேன்; கிளிக்கோ 'அப்புறம்' என்றால் என்னவென்று தெரியாதே! சரக்கு வாங்க வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "பெத்த தாய்க்குங்க, குடுத்துடுங்க சார்" என்றார் ஒருவர். "வாயில்லா ஜீவனே கேக்குது" என்றார் இன்னொருவர். முதலாளி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "போயிட்டு வாடா, போ" என்றார். இப்படித்தான் லீவு வந்தது.

இனி அந்தக் கிளியின் முகத்தில் விழிக்கப்போவதில்லை. அதன் பாடு, அவர் பாடு. அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், அம்மாவுக்கு என் நமஸ்காரம். பயப்பட வேண்டாம், கட்டு அவிழ்க்கும்போது நான் எதிரில் நிற்பேன் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. முதலாளி வீட்டில் கிளி ஒரு பருக்கை தொடவில்லையாம். பொழுதுக்கும் லீவு கேட்கிறதாம். வீட்டம்மா, "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றுவிட்டாராம். முதலாளி கூண்டோடு ஷெட்டுக்கு வந்தார், கதவில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார், உள்ளே நின்று வியர்த்தார். கிளிக்குச் சூடு ஆகாது என்று அன்றைக்கே ஒரு விசிறி மாட்டினார். ஆமாம், கிளிக்குத்தான். என் குரல் கேட்டால் அது நன்றாகச் சாப்பிடுகிறது. அதனால், அதைக் கூடவே கூட்டிப்போனால்தான் லீவு என்று சொல்லிவிட்டார். நெட்டை என்னிடம், "நீ மெதுவா வாடா, கிளியைச் சீக்கிரம் அனுப்பிடு. இல்லைன்னா விசிறியைக் கழட்டிடுவாரு" என்கிறான். கிளிக்கு விமானம், எனக்கு பஸ் என்று முடிவாகியிருக்கிறது. ஆகவே எனக்கு முந்தின நாளே அது அங்கே வந்துவிடும். வாங்கிக்கொள்பவர் என்று உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். அடையாள அட்டையோடு போங்கள். எனக்கு வாய் இல்லையா என்று கேட்டீர்களே அத்தான், வியாழக்கிழமை விமானத்தில் வருகிறது. தயவுசெய்து வாங்கி வையுங்கள்.