பின்பக்க ஸ்பீக்கர்

வெர்லின் ஹாஸ்டெட்லரின் தலை அலமாரிக்குள் இருந்தது. மீதி உடம்பு கட்டிலின் மேல் மண்டியிட்டிருந்தது.

"கேக்குதா?" என்று வண்டியின் முன்பக்கத்திலிருந்து கத்தினார் அவர் மனைவி லவோன்.

"நீ டேப்பைப் போட்டுட்டியா?"

"அது அரை மணி நேரமா பாடிட்டு இருக்கு. இங்க டிரைவர் சீட்டே அதிருது. அங்க என்ன?"

வெர்லின் கூரையில் பதித்திருந்த ஸ்பீக்கரின் துணியோடு காதை ஒட்டிக்கொண்டார். ஒரு முனகல்கூட இல்லை. ஒன்பது வருஷமாக அது விரதம் காத்து வருகிறது.

வண்டி 1973ஆம் வருஷத்துப் பிரேரி குயீன். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. அதை ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆகஸ்டிலும் வடக்கு இந்தியானாவில் நடக்கும் பழைய வீட்டு வண்டிகளின் கூடலுக்கு இருவரும் வந்துவிடுவார்கள். வீட்டிலிருந்து நாற்பது மைல். அதற்கு மேல் அந்த வண்டி ஒரு மைல்கூடப் போனதில்லை.

காரணம், 'வந்தது வந்தபடி' போட்டி. ஃபேக்டரி கதவைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிற வண்டிக்கு நீல ரிப்பன். வாங்கிய அன்றே வெர்லின் சத்தியம் செய்திருந்தார்: "ரிப்பன் கிடைச்ச மறுநாள் காலையில கடலுக்குக் கிளம்பறோம் லவோன். அதுவரைக்கும் மைல் ஏத்த வேணாம்."

லவோனுக்கு அறுபத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து நாலு பக்கமும் சோளத்தைத்தான் பார்த்திருக்கிறார். கரண்டி டிராயரில் ஒரு சாலை வரைபடம் ஒன்பது வருஷமாக மடித்தது மடித்தபடி கிடந்தது. அதுவும் ஒரு வகையில் போட்டிக்குத் தகுதியானதுதான்.

ரிப்பனை வருஷா வருஷம் கொண்டுபோகிறவர் டெல்பர்ட் கிரில். கூடலுக்கு வருகிற இன்னொரு பிரேரி குயீன் அவருடையது. மற்ற எல்லாவற்றிலும் இரண்டு வண்டிகளும் சமம். பாட்டுப் பெட்டியில் மட்டும் டெல்பர்ட் முந்திவிடுவார். அவருடைய பின்பக்க ஸ்பீக்கர் பாடும்.

"மூணு மணிக்கு நடுவர்கள் வந்துடுவாங்க," என்றார் லவோன். "இப்ப பன்னெண்டு. ஸாண்ட்விச் சாப்பிட்டுட்டு நோண்டு."

"ஒரு நிமிஷம்." வெர்லின் கூரைப் பலகையைக் கழற்றினார். கழற்றியதும் குதூகலித்தார். "கண்டுபிடிச்சுட்டேன்! வயர் வந்து சேரவே இல்ல. ஒரு சாண் முன்னாடியே அறுந்து கிடக்கு. எலி!"

லவோன் வந்து எட்டிப் பார்த்தார். வயரின் முனை கத்தியால் நறுக்கியதுபோல இருந்தது. அதைப் பலகையோடு சேர்த்து ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. பின் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"எலி கடிச்சுட்டு, பின்னும் அடிச்சுட்டுப் போச்சா?"

வெர்லின் கருவிப் பெட்டியைத் திறந்தார். பின்னைக் குறட்டால் பிடுங்கி, பத்திரமாக ஒரு சாஸரில் வைத்தார். துருப்பிடித்த பின் என்றாலும் ஃபேக்டரிப் பின். பிறகு வயரைப் பிடித்து இழுத்தார். ஒரு சாண் வந்தது.

முன்னால் பாட்டு நின்றது.

"சந்தோஷமா?" என்றார் லவோன். "இப்ப ரெண்டு பக்கமும் சமம்."

வெர்லின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு இடம் மாறினார். இப்போது தலை டேஷ்போர்டுக்கு அடியில். பிடுங்கிக்கொண்ட வயரைத் திரும்ப மாட்டிவிட்டார். ஆனால் பின்னால் பழையபடி ஒரு சாண் குறைந்தது. ஒட்டுப்போட வயர் தேவைப்பட்டது. குளியலறையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"வெர்லின்! அது என் ஹேர் டிரையர்!"

"வயர் மட்டும்தான் எடுத்தேன். டிரையர் அப்படியே இருக்கு."

"சாயங்காலம் மேடையில ரிப்பன் வாங்கும்போது என் தலைமுடி எப்படி இருக்கும்னு யோசிச்சியா?"

"ரிப்பன் வாங்குவோம்னு ஒத்துக்கிட்டியே, அது போதும்."

கூரைக்குள் அத்தனை வயரும் கறுப்பு. எதோடு எது ஒட்டிக்கொண்டது என்று அவருக்கே தெரியாது. சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் அடுப்புக்கு மேலிருந்த ஃபேன் சுழன்றது. மேஜையிலிருந்த பேப்பர் தட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து ஜன்னல் வழியாகத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தன.

"இந்த ஃபேன் நாம வாங்கினதுலேர்ந்து ஓடினதே இல்ல," என்றார் லவோன் உண்மையான ஆச்சரியத்தோடு. "இத இப்படியே விட்டுடேன்."

விடுவாரா? வயரை மாற்றிப் போட்டார். ஹாரன் அலறியது. சும்மா ஒரு தரம் அல்ல, நிற்காமல். திடலில் இருந்த அறுபது வண்டிகளிலிருந்தும் தலைகள் நீண்டன. யாரோ ஒருவருடைய நாய் பதில் சொல்ல ஆரம்பித்தது.

கையில் குச்சியில் குத்திய சாஸேஜுடன் வாசலில் வந்து நின்றார் டெல்பர்ட்.

"என்னப்பா வெர்லின், புது டேப்பா? ராகம் நல்லா இருக்கே!"

"சின்னப் பழுது, டெல்பர்ட்!"

"என்ன?"

"சின்னப் பழுதுன்னேன்!"

"சத்தமா சொல்லு, ஹாரன் அடிக்குது!" டெல்பர்ட் சாஸேஜைக் கடித்துக்கொண்டே உள்ளே பார்வையை ஓட்டினார். "என்னோடது இந்த மாதிரி தொல்லையெல்லாம் குடுக்காது. தேன் மாதிரி பாடும். அம்பது வருஷமா நான் ஒரு ஸ்க்ரூவக்கூட திருப்பினதில்ல, கேட்டுக்கோ."

லவோன் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போய், பேட்டரி வயரைப் பிடுங்கிப் போட்டார். திடல் அமைதியானது. நாய் மட்டும் இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிறுத்தியது.

அதற்குள் நடுவர்கள் டெல்பர்ட்டின் வண்டிக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேர் வழக்கமாக வருகிறவர்கள். மூன்றாவது நடுவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டதால், அந்த இடத்துக்கு இந்த வருஷம் ஓர்ஃபா என்ற எண்பத்து நாலு வயதுப் பெண்மணியைப் பிடித்து வந்திருந்தார்கள். பேட்டரி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார். டெல்பர்ட் டேப்பைத் தள்ளினார். வண்டியின் பின்பக்கத்திலிருந்து போல்கா இசை கணீரென்று புறப்பட்டது. கூட்டம் கைதட்டியது. ஓர்ஃபா மட்டும் தட்டவில்லை. தாளில் ஏதோ எழுதினார்.

ஜன்னல் வழியாக அதைப் பார்த்த வெர்லின் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். தலையில் தூசி, கையில் ஹேர் டிரையர் வயர்.

"என்னால முடியல, லவோன். உனக்குக் கடல் காட்டறேன்னு சொல்லிச் சொல்லியே ஒன்பது வருஷத்த ஓட்டிட்டேன்." அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

லவோன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையிலிருந்த தூசியைத் தட்டினார். ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் இந்த மனுஷனோடு இந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

"கடல் எங்கேயும் ஓடிப்போயிடாது. இருபது நிமிஷம் இருக்கு. நீ தொட்டது எல்லாத்தையும் காலையில இருந்த மாதிரி ஆக்கு. பாடலைன்னா பாடலைன்னு சொல்லிடலாம். பொய் சொல்லி வாங்கற ரிப்பன் எனக்கு வேணாம்."

இருவரும் பரபரவென்று வேலையில் இறங்கினார்கள். ஹேர் டிரையர் வயரை உருவினார்கள். பழைய வயரைப் பழைய இடத்தில் நீட்டினார்கள். பேட்டரி வயரைத் திரும்ப மாட்டினார்கள். கடைசியில் வெர்லின் சாஸரிலிருந்த பின்னை எடுத்தார்.

"இத நேரா அடிச்சுடவா?"

"வந்தது வந்தபடி. சாய்வா இருந்துச்சு, அதே ஓட்டையில சாய்வாவே அடி."

நடுவர்கள் வந்தார்கள். டேப் முன்னால் பாடியது. பின்னால் வழக்கமான மௌனம்.

"மேடம்," என்றார் வெர்லின் தொப்பியைக் கழற்றி, "பின்பக்க ஸ்பீக்கர் பாடாது. நான் வாங்கினதுலேர்ந்து பாடினதில்ல. காலையில சரி பண்ணப் பார்த்தேன், முடியல. திரும்ப அப்படியே வெச்சுட்டேன்."

மற்ற இரண்டு நடுவர்களும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். ஓர்ஃபா ஸ்கூட்டரிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"அந்தப் பலகையக் கழட்டு தம்பி."

தம்பிக்கு எழுபத்தொன்று. கழற்றினார். ஓர்ஃபா டார்ச் அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். விரல் நுனியால் எதையோ தடவினார். திரும்பிப் போய் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

"அவ்வளவுதான்," என்றார் வெர்லின். "எலியப் பார்த்துட்டாங்க."

மாலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் முடிவு அறிவித்தார்கள். ரிப்பன், வெர்லின் ஹாஸ்டெட்லருக்கு.

வெர்லின் எழுந்திருக்கவில்லை. வேறு யாராவது எழுந்திருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். லவோன் ஈரமாய்ச் சப்பென்று படிந்த தலைமுடியோடு மேடைக்குப் போய் ரிப்பனை வாங்கினார். திரும்பி வந்து உட்காரவில்லை. நேராக வண்டியை நோக்கி நடந்தார். கரண்டி டிராயர் திறக்கும் சத்தம் கொட்டகைவரை கேட்டது.

டெல்பர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. ஓர்ஃபாவின் ஸ்கூட்டருக்குக் குறுக்கே போய் நின்றார்.

"இது என்னங்க நியாயம்? அவனோடது செத்த ஸ்பீக்கர். என்னோடது தேன் மாதிரி பாடுது. பாடறதுக்குப் பூஜ்யம், ஊமைக்கு முழு மார்க்கா?"

ஓர்ஃபா பேனா பிடித்த இடது கையை உயர்த்திக் காட்டினார்.

"பிரேரி குயீன் ஃபேக்டரியில பதினோரு வருஷம் பின்பக்க ஸ்பீக்கர் மாட்டினது இந்தக் கைதான் தம்பி. எங்களுக்கு வர்ற வயர் எப்பவும் ஒரு சாண் குறைச்சல், அதனால தொங்காம ஒரு பின் அடிச்சு மூடிடுவோம். ஒரு வண்டிகூட அங்கேர்ந்து பாடிக்கிட்டு வெளிய போனதில்ல."